கோள்சொல்லி நாரத்தை

மார்ச் 4

மதிப்பிற்குரிய நாட்குறிப்பு அவர்களுக்கு, பணிவான வணக்கம். குளிர்காலம் முழுவதும் தங்களைத் திறவாமல் அலமாரியிலேயே இருத்திவைத்த காலதாமதத்திற்கு மிகவும் வருந்துகிறேன். ஒட்டுக்கன்றுகளும் இலைப்பூச்சியும் உடைந்த தண்ணீர்க் குழாயுமாக நாள்கள் கழிந்தன. தாங்கள் மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன். மன்னிக்காவிட்டாலும் தாங்கள் போகுமிடம் ஏதுமில்லை.

இன்று வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து வாங்கிய மேட்டுச் சரிவு முழுவதும் சாத்துக்குடி வைப்பது. ஒரே தாய்மரத்திலிருந்து கண், அதாவது ஒட்டுக்கான மொட்டு, எடுத்து, குட்டையாக வளரும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி வைப்பது. இனி நம் ஆயுள் வரைக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் அந்தச் சரிவுதான் சோறு. ஆகவே எழுந்த கேள்வி: எது தாய்மரம்?

கேள்வி எழுந்ததே எனக்கு வியப்பு. தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிறாள் என் அம்மையார். அந்த மரத்துக்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறேன். நிமிர்ந்த தண்டு, கருத்த இலை, தோலில் ஒரு மறு இல்லாத பழம். நானே நட்டு, நானே வளர்த்து, இதுவரை ஒருவருக்கும் ஒரு கண்கூடத் தராமல் காத்துவந்திருக்கிறேன். கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் "ஆவன செய்யப்படும்" என்று பதிலளித்தேன். ஆவன செய்யவில்லை.

அவள் வீட்டிலும் ஒரு சாத்துக்குடி நிற்கிறது. நிற்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதுபோல் மதில்மேல் சாய்ந்திருக்கிறது. நாங்கள் அதைக் கோணலார் என்போம். பழம் சிறியது. மிகவும் இனிப்பு என்கிறார்கள். நான் இதுவரை நடுநிலையோடு சுவைத்ததில்லை.

"என் மரமும் மரந்தானே அக்கா? அதயும் கணக்குல சேத்துக்குங்களேன்" என்றாள் எல்லோர் முன்னிலையிலும்.

ஒட்டு வழியாகப் பரவும் நோய்கள் பல உண்டு என்றும், கோணலாரைத் தகுந்த சோதனைக்கு உட்படுத்தாமல் அவர் பெயரை முன்மொழிவது முறையன்று என்றும் விளக்கினேன்.

"ஏங்க, ரேடியோவ அணைங்க" என்று தன் கணவரிடம் சொன்னாள். அங்கே ரேடியோ ஏதும் ஓடவில்லை.

சொல்லிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு விட்டது. நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. பழமர நோய்கள் பற்றிய அட்டை கிழிந்த நூல் ஒன்றை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, இருமுறை படித்து முடித்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியே.

மார்ச் 9

பயிர்நோய் அதிகாரி தம் ஸ்கூட்டரில் வந்தார். இளம்பெண். நான் அனுப்பிய நான்கு பக்க விண்ணப்பம் அவர் கையில் இருந்தது.

"இத நீங்களா எழுதினீங்க? எங்க மேலதிகாரி படிச்சிட்டு எழுந்து நின்னுட்டாருங்க" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பட்டை உரியும் நோய் ஒன்று உண்டாம். (உண்டாம் என்ன, நூலில் ஏழாம் இயலில் உண்டு.) மரத்துக்குள்ளேயே குடியிருக்கும், வெளியே முகம் காட்டாது. "வேர்ச்செடி தாங்குற ரகமா இருந்தா ஆயுசு பூராவும் காட்டாதுங்க. அதே கண்ண எடுத்து உங்க குட்டை ரகத்துல ஒட்டினீங்கன்னா நாலஞ்சு வருஷத்துல பட்டை வெடிச்சு உரிய ஆரம்பிக்கும். அப்புறம் மருந்து கிடையாது."

கண்டுபிடிக்க ஒரு வழிதான். நாரத்தையில் ஒரு ரகம் இருக்கிறது, மகா ரோஷக்காரி. நோயுள்ள மரத்தின் கண்ணை அதில் ஒட்டினால், அது விடும் புதுத் தளிர் கீழ்நோக்கிச் சுருண்டுகொள்ளும். அறிகுறிச் செடி என்று நூல் சொல்கிறது.

"சுருக்கமா சொன்னா கோள்சொல்லி" என்றார் என் வீட்டுக்காரர். அதிகாரி சிரித்தார். ஒரு நல்ல கலைச்சொல்லை இந்த மனிதர் நொடியில் தெருவுக்கு இழுத்துவிடுவார்.

சோதிக்கும் மரத்தின் கண்ணை மட்டும் ஒட்டினால் போதாதாம். நோய் உண்டு என்று உறுதியான மரத்தின் கண் ஒரு சாட்சி. நோய் இல்லை என்று உறுதியான மரத்தின் கண் மறு சாட்சி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தீர்ப்பு.

"எந்த மரத்தையும் பாத்து சொல்ல முடியாதுங்க" என்று புறப்படும்போது சொன்னார். 'எந்த மரத்தையும்' என்றபோது அவர் பார்வை ஏன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. தாகமாக இருந்திருக்கலாம். தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 18

ஆய்வகத்திலிருந்து பெட்டி வந்தது. ஆறு நாரத்தைக் கன்றுகள். ஈரத்துணியில் சுற்றிய நோய்க்குச்சி ஒன்று. நலக்குச்சி ஒன்று, அதாவது, பலமுறை சோதித்துத் தேறிய மரத்தின் குச்சி. வழியில் அது சற்று வாடியிருந்தது. சற்றுத்தான். ஆனாலும் அதைக் கண்டதும் எனக்குத் தன்மானம் பொங்கியது. எங்கோ பிறந்த இந்த வாடல் குச்சியா ஆரோக்கியத்துக்குச் சாட்சி சொல்வது? எதற்கு? வீட்டிலேயே இருக்கிறாள் அம்மையார்.

கத்தியை வெளுப்புக் கரைசலில் முக்கி, துடைத்து, மறுபடி முக்கி, முதல் வேலையாக அம்மையாரிடம் கண் எடுத்தேன். கொய்வதற்குமுன் மன்னிப்புக் கேட்டேன். அடுத்துக் கோணலார். கடைசியில் நோய்க்குச்சி. கத்தி வழியாகவும் இந்நோய் தாவும் என்பதால் இந்த வரிசை.

ஆறு நாரத்தையிலும் ஒட்டி, இரண்டிரண்டு தொட்டிகளாகப் பிரித்து, தகர அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். நோய்க்குச்சிக்கு 'குற்றவாளி'. கோணலாருக்கு 'குற்றம் சாட்டப்பட்டவர்'. அம்மையாருக்கு 'மாசற்றவர்'.

ஓரகத்தி வந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "எங்க வீட்டு மரத்த கோர்ட்டுக்கே இழுத்துட்டீங்களா? வக்கீல் வெச்சுக்கலாமா, இல்ல அதுக்கும் விண்ணப்பம் போடணுமா?"

"நாரத்தை சொல்றதுதான் தீர்ப்பு. வக்கீலெல்லாம் கெடையாது."

"அப்ப உங்க மரத்துக்கு விசாரணையே இல்லியா அக்கா?"

அம்மையார் அளவுகோல் என்றும், அளவுகோலை எவரும் அளப்பதில்லை என்றும் கூறினேன். வாக்கியம் அழகாக அமைந்தது. இங்கே குறித்துவைக்கிறேன்.

மார்ச் 19

விரல்கள் வலிக்கின்றன. பெருமிதமும் வலியும் ஒரே கையில்.

ஏப்ரல் 12

ஒட்டுக் கட்டிய நாடாவை அவிழ்த்தேன். எல்லாக் கண்களும் பசுமையாகப் பிடித்திருக்கின்றன. கண் துளிர்க்க வேண்டியதில்லை. உயிரோடு ஒட்டிக்கொண்டு தன் சாற்றைக் கலந்தால் போதும். துளிர்க்க வேண்டியது நாரத்தை. அதன் தலையை வெட்டிவிட்டேன், புதுத் தளிர் விடட்டும் என்று. தொட்டிகள் பாலித்தீன் கூடாரத்துக்குள். சூடு இருந்தால்தான் இந்தச் செடி உண்மை பேசும்.

வீட்டுக்காரர் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, "இந்தப் புழுக்கத்துல நானே எல்லாத்தயும் ஒத்துக்குவேன், செடிய ஏன் குத்தம் சொல்ற" என்று ஓடிவிட்டார். இனி அவர் இந்தப் பக்கம் வரமாட்டார்.

மே 3

தளிர் வருகிறது. எல்லாம் நேராகவே வருகிறது. ஓரகத்தி தினமும் மதில்மேல் எட்டி, "தீர்ப்பு வந்துச்சா?" என்கிறாள். நேற்று, "ஜாமீனாவது குடுங்க" என்றாள்.

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மே 21

குற்றவாளியின் இரண்டு தொட்டிகளிலும் தளிர் கீழ்நோக்கி வளைந்துவிட்டது! இலையின் அடியில் நடுநரம்பு பழுப்பேறிக் கீறல்விட்டிருக்கிறது. நூலில் சொன்னது சொன்னபடி, சொல்லுக்குச் சொல். நாரத்தையை மனமாரப் பாராட்டினேன். இனி கோணலார் வளையட்டும்.

இப்படி எழுதியது சற்று மிகை. 'வளையக்கூடும்' என்று திருத்திக்கொள்கிறேன்.

மே 29

ஓரகத்தி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மதில் வெறிச்சோடியிருக்கிறது. அமைதியாக வேலை செய்ய முடிகிறது. இரண்டு முறை மதிலைப் பார்த்தேன், வெறும் பழக்கம்.

ஜூன் 3

மாசற்றவரின் ஒரு தொட்டியில் ஓர் இலை சற்றே கவிழ்ந்திருக்கிறது.

தண்ணீர் அதிகமாகியிருக்கும்.

ஜூன் 5

தண்ணீரைக் குறைத்தேன். வேறு மூலைக்கு மாற்றினேன். பூச்சி இருக்குமோ என்று பூதக்கண்ணாடியால் ஒவ்வோர் இலையாகத் தேடினேன். பூச்சி இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாகப் பூச்சி இல்லையே என்று வருந்தினேன்.

இப்போது இரண்டு தொட்டியிலும். இரண்டிலும்!

யாரோ அட்டையை மாத்திருப்பாங்க. வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"கூடாரத்துப் பக்கம் போனீங்களா?"

"அந்த அடுப்புக்குள்ளயா? எனக்கென்ன தலையெழுத்தா?"

"அட்டய தொட்டீங்களா?"

"உன் கையெழுத்து இருக்கற எதையும் நான் தொடறதே இல்லம்மா. அந்த நோட்டக்கூட."

(தங்களைத்தான் சொன்னார். மகிழ்ச்சி.)

அப்படியானால் கத்தி? கத்தியில் ஒட்டியிருந்து தாவியிருக்கலாம். ஆனால் முதலில் அறுத்ததே அம்மையாரைத்தானே? முக்கித் துடைத்து, மறுபடி முக்கின கத்தி. ஆகவே கத்தியும் இல்லை. பூச்சியும் இல்லை. தண்ணீரும் இல்லை. பின்னே என்ன? — எழுத மாட்டேன்.

கோணலாரின் இரண்டு கன்றுகளும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்கின்றன. வளைந்த மரத்தின் கன்று நேராக. நேரான மரத்தின் கன்று வளைந்து. இந்த நாரத்தைக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது. அதை இந்த வாரமா காட்ட வேண்டும்?

ஜூன் 6

நேற்று எழுதாததை எழுதுகிறேன். அம்மையாருக்கு நோய்.

ஜூன் 8

ஓரகத்தி நாளை திரும்புகிறாள்.

நண்பகலில் கூடாரத்துக்குள் போனேன். தகர அட்டைகள் ஒரு சுருக்கு முடிச்சில்தான் தொங்குகின்றன. மாசற்றவருடையதை அவிழ்த்து இந்தப் பக்கம், குற்றம் சாட்டப்பட்டவருடையதை அவிழ்த்து அந்தப் பக்கம். அவ்வளவுதான் வேலை. தளிர் வளைந்த பிறகு இந்தத் தொட்டிகளை என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. கோணலார் எதிர்த்துப் பேசமாட்டார்.

அவிழ்த்தேன்.

ஆமாம், அவிழ்த்தேன். தங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நான்கு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க நின்றேன். அப்போது ஒரு சுருண்ட இலை மணிக்கட்டில் உரசியது. திருப்பிப் பார்த்தேன். அடிநரம்பில் அந்தப் பழுப்புக் கீறல். இதே கீறல் சரிவு முழுவதும், ஒவ்வொரு மரத்தின் பட்டையிலும். கொழுந்தனார் காலையில் மண்வெட்டியோடு மேடேறிப் போய், உரிந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பது. என்னிடம் கொண்டுவந்து, "அண்ணி, இது என்னன்னு பாருங்க, நீங்கதான் படிச்சவங்க" என்று நீட்டுவது.

நீங்கதான் படிச்சவங்க. அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். கிண்டலாகச் சொன்னதே இல்லை.

அட்டைகளை இருந்த இடத்திலேயே கட்டினேன். சுருக்கு முடிச்சு வேண்டாம் என்று கம்பியால் முறுக்கிவிட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஜூன் 9

ஓரகத்தி பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. மதில் வழியாகவே கூப்பிட்டேன். "தீர்ப்பு வந்துவிட்டது. நேரில் வந்து பார்வையிடவும்" என்றேன். குரல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. 'பார்வையிடவும்' என்ற சொல்லில் உடைந்துவிட்டது.

வந்தாள். அட்டைகளைப் படித்தாள். இலைகளைப் பார்த்தாள். மறுபடியும் அட்டைகளைப் படித்தாள். நான் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன், மூன்று பத்தி. ஒரு பத்திகூட வரவில்லை. "எம்மரந்தான். எம்மரத்துக்குத்தான் சீக்கு" என்று மட்டும் வந்தது.

அவள் பையை இறக்கிவைத்தாள். பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? நான் மூணு தடவ கண்ணு கேட்டேன்ல?"

"கேட்டாய்."

"அன்னிக்கு நீங்க மனசு எரங்கி குடுத்திருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருந்தால் அவள் தோட்டம், அவள் கத்தி, கோணலார், எல்லாவற்றிலும் இன்று நோய் குடியேறியிருக்கும். இந்தத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தால் தெரு முழுவதும்.

"உங்க கஞ்சத்தனத்துக்கு ஒரு மால போடணும் அக்கா. நீங்க குடுக்கலன்னு மூணு வருஷமா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தேன். அத்தனையும் வீணு."

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தபோதே சிரித்துவிட்டேன், மிகவும் ஒழுங்கற்ற செயல். அவளும் சிரித்தாள். கூடாரத்தின் புழுக்கத்தில் இருவரும் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டோம்.

எழுந்திருக்கும்போது, "அளவுகோல யாரும் அளக்கறதில்லன்னு ஒருத்தங்க சொன்னாங்க. யாருன்னு மறந்துட்டேன்" என்றாள்.

மறக்கவில்லை. ஆயுள் முழுவதும் மறக்கமாட்டாள்.

ஜூன் 11

அதிகாரி வந்தார். நலக்குச்சியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டார். வாடியிருந்தது என்றேன். "சுத்தமா காஞ்சிருந்துச்சா?" சற்று வாடியிருந்தது என்றேன். "சற்றுன்னா?" அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று சொன்னார்: "அத வெச்சிருந்தீங்கன்னா உங்க மரத்த சோதிச்சிருக்கவே மாட்டீங்க. கோணல் மரம் தேறியிருக்கும், நீங்களும் அதோட விட்டிருப்பீங்க. ஆனா எந்த மரத்த தாயா வெச்சிருப்பீங்க?" நான் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சொன்னார், மெல்ல: "இவ மரத்தத்தான்." அப்படித்தான் நடந்திருக்கும். கோணலாருக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அம்மையாரிடம்தான் போயிருப்பேன்.

உறுதிசெய்வதற்காக இரண்டு மரத்தின் இலைகளையும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

ஜூன் 30

உறுதி. கோணலார் மற்ற நோய்ச் சோதனைகளிலும் தேறிவிட்டார். அம்மையார் தேறவில்லை.

வெட்ட வேண்டுமா என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாமாம். இந்த நோய் பூச்சியால் பரவாது; கண்ணாலும் கத்தியாலுந்தான். அவளுக்கென்று தனிக் கத்தி, தனிக் கத்தரி. பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். கண் மட்டும் எடுக்கக் கூடாது. என் பழைய கொள்கையேதான். இப்போது அரசு முத்திரையோடு.

இன்னொரு வழியும் இருக்கிறதாம். தளிரின் உச்சியில், குண்டூசித் தலையைவிடச் சிறிய நுனி ஒன்று இருக்கும். பெரும்பாலும் நோய் அங்கே எட்டியிருக்காது. அதை மட்டும் கிள்ளியெடுத்து, சோதனைக்குழாயில் முளைத்த நாற்றின்மேல் ஒட்டி வளர்ப்பார்கள். பிழைத்தால் மகள். சுத்தமாகப் பிறந்தாளா என்பதை மறுபடியும் நாரத்தைதான் சொல்ல வேண்டும்.

தளிர்கள் கொடுத்தனுப்பினேன். ஸ்கூட்டர் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன்.

ஆகஸ்ட் 22

சரிவுக்கான முதல் ஒட்டு. கண்ணெல்லாம் கோணலாரிடமிருந்து. வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஓரகத்தி கேட்கவில்லை. "உங்க கை கட்டினா தவறாது. தப்பா நெனக்காதீங்க, மரந்தான் தப்பு, கை தப்பில்ல."

கோணலாரிடம் கண் எடுக்கப் போனபோது முதன்முறையாக நின்று நிதானமாகப் பார்த்தேன். ஒட்டுக்கு மேலும் கீழும் பட்டை வழவழவென்று இருக்கிறது. மதில்மேல் சாய்ந்திருப்பது நோயால் அல்ல. வெயில் அந்தப் பக்கந்தான் வருகிறது. இவ்வளவு ஆண்டுகளாக இதைக் கவனிக்கவில்லை.

ஒரு பழத்தை உரித்துக் கையில் வைத்தாள். நடுநிலையோடு சுவைத்தேன். இனிப்புத்தான்.

"எழுதிக் குடுங்க அக்கா, நாலு பக்கத்துக்கு. ஃபிரேம் போட்டு மாட்டறேன்."

மறு ஆண்டு, செப்டம்பர் 2

சரிவில் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. கொழுந்தனார் தினமும் காலையில் போய் ஒவ்வொன்றின் தண்டையும் தடவிப் பார்க்கிறார். "எப்படியிருக்கு அண்ணி?" என்று என்னைக் கேட்கிறார், அவரே பார்த்துவிட்டு வந்த பிறகும்.

அம்மையாரின் மகள் சென்ற மாதம் வந்தாள். ஆய்வகத்தில் பன்னிரண்டு நுனிகள் வைத்தார்களாம், மூன்று பிழைத்தன, ஒன்றை எனக்கென்று அனுப்பியிருக்கிறார்கள். விரல் தடிமன். இலை இன்னும் அம்மாவின் கறுப்புக்கு வரவில்லை. அவர்கள் அங்கே சோதித்துவிட்டார்கள். நானும் இங்கே சோதிப்பேன் என்றேன். அதிகாரி தொலைபேசியில் கேட்டார்: "சாட்சிக் குச்சிங்க அனுப்பவா? நோய்க்குச்சி, நலக்குச்சி ரெண்டும்?"

"வேண்டாம்" என்றேன். "ரெண்டும் வீட்டிலேயே இருக்கு."

இன்று ஒட்டினேன். முதலில் கோணலாரின் கண். ஓரகத்தியே கொய்து ஈரத்துணியில் சுற்றி, "ஆவன செய்யப்பட்டது" என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்து மகள். கடைசியாக, அவளுக்கென்று வைத்திருக்கும் கத்தியால், அம்மையார். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பழக்கமாகிவிட்டது இருவருக்கும்.

அட்டைகளில் குற்றமும் இல்லை, மாசும் இல்லை. பெயர் மட்டுந்தான்: கோணலார். அம்மையார். மூன்றாவது அட்டையில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாகவே கட்டியிருக்கிறேன், சுருக்கு முடிச்சில்.

கூடாரத்துக்குள் இப்போதே நல்ல சூடு. நாரத்தையாரே, தங்களுக்கு நீண்ட விண்ணப்பம் எழுதும் நிலையில் இன்று நான் இல்லை. சீக்கிரம் பதில் சொல்லுங்க.